எலி எடையில் ஒரு கடல்பறவை

அக்காள் புருஷனைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமான வேலை. மைத்துனன் என்று ஒருத்தன் பிறப்பதே கிண்டல் செய்வதற்காகத்தான் என்பது என் கட்சி. ஆனால் அந்த மனிதர் தன் வேலையில் ஒரே ஒரு தடவை பொய் சொன்னார். அதுவும் எடையில் சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அதை நானே எழுதிவிடுகிறேன்.

வேலை செய்யும் இடத்தில் மாமாவுக்குத் தராசு என்று பெயர். அது ஓர் ஆராய்ச்சி நிலையம். அதன் பின்பக்கத்தில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம் இருக்கிறது. வாசல் பலகையில் மூச்சு முட்டும் அளவுக்கு நீளமாக ஏதோ எழுதியிருக்கும். எங்களுக்கு அது எலிக் கட்டடம். உள்ளே வரிசை வரிசையாகக் கூண்டுகள், கூண்டுக்கு நாலைந்து வெள்ளைச் சுண்டெலிகள், அடியில் மரத்தூள், தலைக்கு மேல் தண்ணீர்ப் புட்டி. மாமா இருபது வருஷத்துக்கு மேலாக அந்த எலிகளைப் பார்த்துக்கொள்கிறார். நான் அந்தக் கட்டடத்தின் ஏ.சி.யைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்பதை நான் மறந்துவிடாதபடி அக்கா பார்த்துக்கொள்கிறாள்.

தராசு என்ற பெயர் சும்மா வரவில்லை. காலையில் உள்ளே போனதும் குளித்து, அங்கே கொடுக்கும் அங்கியையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எலியாகத் தூக்கி ஒரு டப்பாவில் விட்டு எடை போடுவார். டப்பாவின் அடியில் எலிக்குக் கால் வழுக்காமல் இருக்க ஒரு காகிதம் விரித்திருக்கும். எலிக்கு எங்கே நோகிறது என்று அது வாயைத் திறந்து சொல்லாது, எடைதான் சொல்லும் என்பார். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. என் பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவனைக் கையில் வாங்கியவர், யாரைப் போல இருக்கிறான் என்று பார்க்கவில்லை. ஒரு தடவை ஏந்திப் பார்த்துவிட்டு, "மூணு கிலோவுக்கு ஒரு பிடி கம்மி" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நர்ஸ் போய் எடை போட்டுப் பார்த்துவிட்டு வந்து, அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

எலிக் கட்டடத்தில் ஒரு விதி உண்டு. ஓர் எலி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டால் அது இனித் தேறாது என்று அர்த்தம். அதைக் கிடந்து துடிக்க விடக்கூடாது. நிலையத்தின் மிருக வைத்தியரான டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் வலி தெரியாமல் அனுப்பிவிடுவார். அனுப்புவது என்றுதான் சொல்வார்கள், வேறு சொல் அங்கே கிடையாது. டாக்டரம்மா கெட்டவர் இல்லை. ஓர் எலி வலியோடு இருந்தால் மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வருகிற ஆள். எடையைப் பார்த்துச் சொல்வதும், எலியைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் அறைக்குப் போவதும் மாமாவின் வேலை. அந்தக் கடைசி நடையை அவர் யாரிடமும் ஒப்படைத்ததில்லை. பழகிய கை என்றால் எலி பயப்படாதாம்.

பறவைக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஆராய்ச்சியாளர் ஒருவர் இந்த நிலையத்தில் உண்டு. ஆனால் வருஷத்தில் பாதி நாள் கரையிலிருந்து தள்ளி ஒரு பாறைத்தீவில் கிடப்பார். அங்கே ஒரு சின்னக் கடல்பறவை இருக்கிறது. கறுப்பாக, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் என்கிறார்கள். அதன் உண்மையான பெயர் எங்கள் வாயில் நுழையாததால் புயல்குருவி என்று வைத்துக்கொண்டோம். அதுவும் எலியைப் போல வளையில்தான் குடியிருக்கிறது. எடையும் ஒரு நல்ல சுண்டெலியின் எடைதான். ஆனால் சுண்டெலிக்கு ஆயுசு இரண்டு வருஷம், இந்தக் குருவிக்கு முப்பது. எலி ஒரு வருஷத்துக்குள் கொள்ளுப்பேரனைப் பார்த்துவிடும். குருவி வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இட்டு அதையே உலகம் என்று அடைகாக்கும். இரண்டும் ஒரே எடை, அப்படியிருக்க ஆயுசில் ஏன் இந்த ஓரவஞ்சனை என்பதுதான் ஆராய்ச்சி. தீவிலிருந்து குருவியின் ரத்தத்தில் ஒரு சொட்டு வரும், இங்கே எலியின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுப்பார்கள், இரண்டையும் ஒப்பிடுவார்கள். மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பது என்பார்கள். இங்கே எலி முதலிலேயே கையில் இருந்தது. மலையைத்தான் வருஷக்கணக்காகக் கெல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் ஒரு பெரும்புயல் அடித்துத் தீவின் ஒரு பக்கச் சரிவே கடலில் விழுந்தது. அதற்கு மறுநாள் படகுக்காரர் ரத்தப் புட்டிகள் இருக்கும் ஐஸ் பெட்டியோடு ஓர் அட்டைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை. அதற்கு ஓர் அலகும், கோபமான இரண்டு கண்களும் இருந்தன.

"வளை இடிஞ்சு வெளியில கிடந்துச்சாம். அவர் வர்ற வரைக்கும் பாத்துக்கச் சொன்னாரு" என்றார் படகுக்காரர். "மீனை எண்ணெய் விட்டு அரைச்சு ஊட்டணுமாம். இருட்டுல வைக்கணுமாம். சூடு ஆகவே ஆகாதாம்."

"வேற என்ன சொன்னாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வேற என்னமோ சொன்னாரு. காத்துல பாதி கேக்கல."

அந்தப் பாதிதான் எங்களைப் படுத்திய பாடு. புயலில் தீவின் செல்போன் கோபுரம் சாய்ந்து போன் செத்துப்போயிருந்தது. படகுக்காரர் கரையைத் தொட்ட கையோடு கடல் மறுபடி பொங்கி, படகுகளையும் நிறுத்திவிட்டார்கள்.

கட்டடத்தின் கோடியில் ஒரு சின்ன அறையைக் காலி செய்தோம். நான் அதைக் குளுகுளுவென்று ஆக்கிக் கொடுத்தேன். மாமா குஞ்சை எலி டப்பாவில் விட்டு எடை போட்டார். போட்டுவிட்டு இன்னொரு தடவை போட்டார். அந்தக் குஞ்சு ஒரு வளர்ந்த குருவியைவிடக் கனமாக இருந்தது.

"தாயைப் போல பிள்ளைன்னு சொல்லுவாங்க. இது தாயையே முழுங்கிட்டு வந்திருக்கும் போல" என்றேன்.

"நல்லா வளந்திருக்கு. காப்பாத்திடலாம்" என்றார் டாக்டரம்மா. குஞ்சு அவர் அங்கியின் மேல் நாற்றமடிக்கும் எண்ணெயை வாந்தி எடுத்து நன்றி சொன்னது.

மாமா அன்றிலிருந்து வேறு ஆள். மீனை அவரே அரைத்தார், ஊசியில்லாத சிரிஞ்சில் அவரே ஊட்டினார். வீட்டுக்கு வரும்போது உடம்பு முழுக்க மீன் வாடை. "இத்தனை வருஷம் எலி வாடைக்குப் பழகிட்டேன். இனிமே இதுக்கு வேறயா" என்று அக்கா வாசலிலேயே வாளித் தண்ணீரோடு நிற்பாள். அவர் காதில் ஒன்றும் ஏறாது. கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது.

அப்புறம் ஒரு காலையில் குஞ்சு வாயைத் திறக்க மறுத்தது. மறுநாளும் மறுத்தது. பலவந்தமாக ஊட்டினால் துப்பியது. எடை இறங்க ஆரம்பித்தது. அதோடு உடம்பில் இருந்த பஞ்சும் கொத்துக் கொத்தாகக் கழன்று அறை முழுக்க உருண்டது. எலிக்கு முடி கொட்டினால் நோய், எடை குறைந்தால் முடிவு. எலிக் கட்டடத்துக்காரர்களுக்கு வேறு பாடம் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் மாமா தினம் எழுதிய எடையைப் பார்த்தால் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக இருந்தது.

டாக்டரம்மா மருந்து கொடுத்துப் பார்த்தார், புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். அதில் இருந்த பறவை எல்லாம் கோழியும் புறாவும்தான். கடைசியில் ஒரு நாள் பலகைக்கு எதிரே நின்று, "அஞ்சுல ஒரு பங்கு தாண்டிச்சுன்னா நம்ம விதிதான் இதுக்கும். அரிய பறவைங்கறதுக்காக அதைக் கூடுதலா கஷ்டப்படுத்தக் கூடாதில்ல" என்றார். நியாயமான பேச்சுதான். மாமா தலையை ஆட்டினார்.

அதற்கு மறுநாளிலிருந்து எடை இறங்குவது நின்றுவிட்டது.

அதே சமயத்தில் என் கருவிப்பெட்டியில் நட்டுகள் குறைய ஆரம்பித்தன. முதலில் சின்னது ஒன்று. பிறகு அதைவிடக் கொஞ்சம் பெரியது. "ஒரு நட் குடு மாப்ளே, கூண்டுக் கதவு ஆடுது" என்று கேட்டு வாங்கியவர், பின்னால் கேட்காமலே எடுத்தார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கருவிப்பெட்டியில் கை வைத்தால் பெற்ற தகப்பனாக இருந்தாலும் சண்டைதான் போடுவேன். நேராக அந்தக் கோடி அறைக்குப் போனேன். மாமா எடை டப்பாவின் காகிதத்தைத் தூக்கி, அடியில் நட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க மாமா. வேலை போச்சுன்னா அக்காவுக்கு என்ன பதில் சொல்றது? நட்டு என்னோடது. என் வேலையும் சேந்துதான் போகும்."

அவர் குஞ்சை எடுத்து டப்பாவில் விட்டார். பிறகுதான் பேசினார்.

"எத்தனை எலியைக் கையில எடுத்துட்டுப் போயிருக்கேன்னு எனக்கே தெரியாது. எதுவும் ரெண்டு வருஷம் தாண்டினதில்ல. பொறந்த அன்னிக்கே தெரியும், இதோட கடைசியையும் நாமதான் பாக்கணும்னு. அதுக்கு மனசைப் பழக்கிக்கிட்டேன். ஆனா இதுக்கு முப்பது வருஷம் இருக்குல்ல மாப்ளே. அதுல ரெண்டு மாசம்கூட முழுசா முடியல. என் கையாலயா கொண்டுபோய்க் குடுக்கறது?"

"அது பட்டினி கிடந்து சாகுது மாமா. நீங்க பாசம்னு நினைக்கிறீங்க. அதுக்கு வலிச்சா?"

"வலிச்சா என்ன பண்றதுன்னுதான் தூக்கமில்லாம கிடக்கேன்" என்றார். உண்மைதான். குருவி சாப்பிடாத நாளிலிருந்து அவரும் தட்டில் கை வைத்து அளைந்துவிட்டு எழுந்துவிடுவதாக அக்கா புலம்பிக்கொண்டிருந்தாள். நான் அவரை நன்றாகத் திட்டிவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் காலையில், பெட்டியிலேயே கனமான நட்டு ஒன்றைத் துடைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பொய் எத்தனை நாள் நிற்கும். ஒரு காலையில் டாக்டரம்மா எதேச்சையாக உள்ளே வந்து, குஞ்சோடு அந்த டப்பாவைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோனார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. குஞ்சை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, காகிதத்தை எடுத்து, நட்டுகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது டாக்டர்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவிடம், "இத்தனை வருஷத்துல நீங்க போட்ட எடையை நான் ஒரு நாளும் சரிபாத்ததில்ல" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

குஞ்சை மறுபடி எடை போட்டார்கள். விதி சொல்லும் எல்லையை அது எப்போதோ தாண்டியிருந்தது. வந்த நாளில் இருந்த கனத்தில் மூன்றில் ஒரு பங்கு காணோம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "இனிமே தள்ளிப்போட முடியாது. நான் போய்த் தயார் பண்றேன். வேற யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே எடுத்துட்டு வரேன்" என்றார் மாமா.

நான் கூடவே போனேன். நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் மூடிய கதவுகளுக்குப் பின்னால் எலிகள் மரத்தூளைக் கிளறும் சத்தம். மாமா இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து, அதில் குஞ்சை வைத்து நடந்தார். பஞ்செல்லாம் உதிர்ந்து, கழுத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கறுத்து, சிறுத்து, பார்க்கவே பாவமாக இருந்தது. கட்டைவிரலால் அதன் தலையைத் தடவிக்கொண்டே போனார். எனக்கு யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நடைபாதையின் நடுவில், கூரையிலிருந்து குளிர்காற்று இறங்கும் இடம் ஒன்று உண்டு. அந்தக் காற்று மேலே பட்டதும் குஞ்சு தலையைத் தூக்கியது. காற்று வரும் பக்கம் அலகை நீட்டியது. பிறகு இறக்கையை விரித்தது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு நீளமான இறக்கை மடிந்து கிடந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. மாமா குனிந்து என்ன என்று பார்ப்பதற்குள் அது அவர் கையை விட்டுக் கிளம்பிவிட்டது.

விழும் என்று நான் கையை நீட்டினேன். விழவில்லை. நடைபாதையின் கோடி வரைக்கும் போய், சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது சாய்ந்து திரும்பி, என் தொப்பியை உரசிக்கொண்டு பறந்து, டாக்டரம்மாவின் அறைக்கு மேலே போகும் ஏ.சி. குழாய் மேல் உட்கார்ந்தது. டாக்டரம்மா கையில் கையுறையோடு வாசலில் வந்து நின்றார். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாகப்போற உசுரு இப்படிப் பறக்காது" என்றார் டாக்டரம்மா. கையுறையைக் கழற்றினார். "எனக்கு இதுல என்னமோ தெரியல. தெரியாம நான் எதையும் செய்யப்போறதில்ல. கடல் அடங்கிடுச்சான்னு விசாரிங்க."

ஏணி போட்டு அதைக் கீழே இறக்கியது நான். இறக்கிய கூலிக்கு அது என் கட்டைவிரலைக் கடித்தது. கடல் அடங்கியிருந்தது. அன்றே படகுக்காரர் தீவுக்குப் போய்ப் பறவைக்காரரை ஏற்றிக்கொண்டார். மறுநாள் மத்தியானம், படகு கரையை நெருங்கி போனில் உயிர் வந்ததும் அவர் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். டாக்டரம்மா போனை மேஜையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி செய்தார்.

"சாப்பிட மாட்டேங்குது, எடை மூணுல ஒரு பங்கு போயிடுச்சு, பஞ்செல்லாம் கொட்டிடுச்சு" என்று ஒரே மூச்சில் சொன்னார்.

"குறையணுமே" என்றார் பறவைக்காரர், இரைச்சலுக்கு நடுவே. "படகுக்காரர்கிட்ட சொல்லி அனுப்பினேனே. தாயும் தகப்பனும் அதை ஊட்டி ஊட்டித் தங்களைவிடக் குண்டாக்கிடும். அப்புறம் ஒரு நாள் கடலுக்குப் போனதுங்க திரும்பி வராது. குஞ்சு வளைக்குள்ளேயே பட்டினி கிடந்து அந்தக் கொழுப்பைக் கரைக்கும். கனம் குறைஞ்சாத்தான் இறக்கை தூக்கும். பலவந்தமா ஊட்டலையே?"

"ஊட்டினோம். துப்பிடுச்சு" என்றார் மாமா.

"அதுக்குப் புத்தி இருக்கு. இப்ப என்ன எடை?"

மாமா சொன்னார். இந்தத் தடவை நட்டு இல்லாத எடை.

"அப்படின்னா ரெடியாயிடுச்சு. எனக்காகக் காத்திருக்க வேணாம், நான் அங்க வந்து சேர ராத்திரி ஆயிடும். இன்னிக்குப் பொழுது சாயறப்ப கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டுடுங்க."

எங்கள் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. மாமா பக்கத்தில் இருந்த மரத்தூள் மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும் கலந்துதான் வந்தது. டாக்டரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேத்து அது மட்டும் பறக்காம இருந்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, நட்டுகளை அள்ளி என் கையில் கொட்டினார். "இதை இந்தக் கட்டடத்துக்குள்ள நான் மறுபடி பாக்கக் கூடாது." அதோடு விஷயம் முடிந்தது. மேலிடத்துக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

சாயங்காலம் கடற்கரைக்கு அக்காவும் வந்தாள். இத்தனை நாள் தன் வீட்டு நிம்மதியைக் கெடுத்த ஜந்து எது என்று பார்க்க வேண்டுமாம். அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் துளியூண்டா?" என்றாள். பிறகு நெடுநேரம் பார்வையை எடுக்கவில்லை.

சூரியன் இறங்கி, வானத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் மாமா முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நின்று கையைத் திறந்தார். குருவி உடனே போய்விடவில்லை. காற்றை மோந்துகொண்டே இருந்தது. மாமா அசையவில்லை. ஓர் அலை வந்து அவர் வேட்டியை இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது. அடுத்த அலைக்கு முன்னால் அது கிளம்பியது. உயரப் போகவில்லை. அலைமுகட்டை ஒட்டித் தாழப் பறந்து, ஓர் அலைக்குப் பின்னால் மறைந்து, அடுத்ததன் மேல் தெரிந்தது. பிறகு தண்ணீரும் அதுவும் ஒரே கறுப்பாகிவிட்டன.

கரையேறி வந்தவரிடம் அக்கா துண்டைக் கொடுத்தாள். "அவ்வளவு பாடுபட்டு வளத்தீங்க. திரும்பிக்கூடப் பாக்காம போயிடுச்சே, வருத்தமா இல்லையா?"

மாமா முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டார். கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வருத்தம்? நான் வளத்ததுல இது ஒண்ணுதான் எனக்கப்புறமும் இருக்கப்போகுது" என்றார். "இதோட கடைசியை நான் பாக்க வேண்டியதில்ல."